கதை சொல்லி ஆறும் காயம்

இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் தன் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கும் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். முதலில் கிராம உத்தியோகத்தரிடம். பின்பு பிரதேச செயலகத்தில். மண்சரிவு என்றால், நிலத்தைப் பரிசோதிக்க வரும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரிடம். அதன்பின் உதவி நிறுவனம் ஒன்று; அடுத்த கிழமை இன்னொன்று; இடையில் ஒரு பத்திரிகையாளர். பத்துத் தடவைக்கு மேல் சொன்ன கதை. ஆனாலும் நெஞ்சுப் பாரம் இறங்கவில்லை. சொல்லச் சொல்லப் பாரம் கூடிப்போனவர்களும் உண்டு.

துக்கத்தை வாய்விட்டுச் சொன்னால் மனம் ஆறும் என்பது எமது பெரியோர் வாக்கு. அப்படியானால் பத்துத் தடவை சொல்லியும் ஏன் ஆறவில்லை? இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுவது இந்தக் கேள்வியையே.

அலுவலகத்தில் நாம் சொல்வது எமது கதையின் ஒரு துண்டு மட்டுமே. எத்தனை பேர்ச்சஸ் காணி போனது, எத்தனை மிளகுக் கொடி, எத்தனை உயிர் என்று படிவம் கேட்கிறது. நட்டஈடு கணக்கிட அது அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் ஐம்பது, அறுபது வருட வாழ்க்கையில் ஒரே ஒரு நாளை மட்டும் அது கேட்கிறது. அந்த நாளை மாத்திரம் திரும்பத் திரும்பச் சொல்லும் மனிதர், காலப்போக்கில் தம்மையே அந்த நாளாகக் காணத் தொடங்குகிறார். 'கமக்காரர்' என்ற பெயர் போய் 'பாதிக்கப்பட்டவர்' என்ற பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது.

மனக்காயத்தை ஆற்றுவதற்குச் சொந்தக் கதையையே மருந்தாகக் கொள்ளும் முறைகள் சில உலகில் வளர்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று எமது நாட்டின் வடகிழக்கிலேயே தமிழ்ப் பிள்ளைகளிடம் பரிசோதிக்கப்பட்டது. அந்த முறைகள் எல்லாம் ஓர் உண்மையை வற்புறுத்துகின்றன: கதையை முழுமையாக, வரிசையாக, தகுந்தவரிடம், நாமே தெரிவுசெய்த வேளையில் சொல்ல வேண்டும்.

எமது சூழல்

மடவளையைச் சுற்றியுள்ள மலைகளும் பள்ளத்தாக்குகளும் இடப்பெயர்வுக்குப் புதியவை அல்ல. மகாவலித் திட்டத்தின் கீழ் கட்டப்பட்ட விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீருள் அமிழ்ந்தன. அவற்றை உழுத குடும்பங்கள் பல, முன்பின் அறியாத குடியேற்றங்களுக்குப் போயின. கடும் வரட்சியில் நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய ஊரின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரிகின்றன.

1977, 1983 கலவரங்களின் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்ற குடும்பங்கள் காடு வெட்டிக் கமம் செய்தன. 2009 வரை நீண்ட போரில் அவை மறுபடியும், சில பல தடவைகளும், இடம்பெயர்ந்தன. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மண்சரிவால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று.

அணை, கலவரம், போர், மண்சரிவு எனக் காரணங்கள் வேறு வேறு. மொழியும் சமயமும் வேறு வேறு. ஆயினும் நிலத்தை இழந்த கமக்காரரின் துன்பத்தில் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவருக்கு நிலம் உழைக்கும் இடம் மட்டுமன்று. அவருடைய நாட்காட்டியும் அதுவே. எந்த ஆண்டு மகள் பிறந்தாள் என்று கேட்டால், 'பெரும்போகம் வெட்டிய கையோடு' என்பார். நிலம் போனதும் அந்த நாட்காட்டியும் கைவிட்டுப் போகிறது. முகாமில் எல்லா நாளும் ஒரே நாள் போலாகிவிடுகிறது.

திகதி இல்லாத நினைவு

மழை இரவொன்றில் தகரக் கூரையில் நீர் விழும் சத்தம் கேட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கிறது. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடத் தோன்றுகிறது. பட்டாசுச் சத்தம் கேட்டால் நிலத்தில் விழுந்து படுப்பவர் உண்டு. 'எல்லாம் முடிந்து எவ்வளவு காலம்! இன்னும் என்ன பயம்?' என்று அயலார் கேட்பார்கள். இது கோழைத்தனமும் அன்று, பைத்தியமும் அன்று.

உளவியலாளர் இதை இவ்வாறு விளக்குகின்றனர். சாதாரண நிகழ்ச்சி ஒன்றை நினைவில் வைக்கும்போது எங்கே, எப்போது, அதற்கு முன் என்ன, பின் என்ன என்பனவும் சேர்ந்து பதிகின்றன. உயிருக்கு ஆபத்தான வேளையிலோ சத்தம், மணம், உடல் நடுக்கம், பயம் ஆகியன மிக ஆழமாகப் பதிகின்றன. இடமும் காலமும் சரியாக ஒட்டுவதில்லை. முன்னதைக் குளிர்ந்த நினைவு என்றும், பின்னதைச் சூடான நினைவு என்றும் கூறுவர். சூடான நினைவுக்குத் திகதி கிடையாது. ஆகவே அது கிளறப்படும்போது 'அன்று நடந்தது' என்று தோன்றாமல், 'இப்போது நடக்கிறது' என்றே உடல் நம்பிவிடுகிறது.

அப்படியானால் சிகிச்சையின் வேலை நினைவை அழிப்பது அன்று. அது எவராலும் இயலாது. அந்த நினைவுக்கு ஒரு திகதியையும் ஓர் இடத்தையும் கொடுத்து, வாழ்க்கை வரிசையில் அதற்குரிய இடத்தில் வைப்பதே வேலை.

கயிறும் பூவும் கல்லும்

இந்த அடிப்படையில் ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி ஷவர், பிராங்க் நொய்னர், தோமஸ் எல்பர்ட் ஆகியோர் எடுத்துரைப்புச் சிகிச்சை ஒன்றை உருவாக்கினர். போராலும் அகதி வாழ்வாலும் துன்புற்றோருக்கு, பெரிய வைத்தியசாலை வசதி இல்லாத இடங்களிலும் உதவக்கூடிய குறுகிய முறை இது.

முறை எளிமையானது. ஒரு நீண்ட கயிறு தரையில் வைக்கப்படுகிறது. கயிற்றின் ஒரு முனை பிறப்பு. அங்கிருந்து ஆண்டு வரிசையில் மகிழ்ச்சியான நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவை வைக்க வேண்டும். துன்பமான நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு கல். முதல் அறுவடை ஒரு பூ. தம்பி இறந்தது ஒரு கல். கலியாணம் ஒரு பூ. ஊரை விட்டு ஓடிய இரவு ஒரு பெரிய கல். இன்றைய நாள் வரை வைத்த பின் மிஞ்சும் கயிறு விரிக்கப்படாமல் சுருளாகவே விடப்படுகிறது. அது இனி வரும் வாழ்க்கை.

அடுத்து வரும் அமர்வுகளில் பிறப்பிலிருந்து தொடங்கி வரிசையாகக் கதை சொல்லப்படுகிறது. கல் இருக்கும் இடம் வந்ததும் நடை மெதுவாகிறது. 'அப்போது என்ன கண்டீர்கள்? என்ன கேட்டது? என்ன மணந்தது? அன்று உடம்பு என்ன செய்தது? இப்போது இங்கே அமர்ந்து சொல்லும்போது என்ன செய்கிறது?' என்று உளவளத்துணையாளர் கேட்பார். அன்றையும் இன்றையும் பிரித்துக் காட்டிக்கொண்டே செல்வார். பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் நிறுத்தமாட்டார். அது தணியும் மட்டும், அந்த நிகழ்ச்சி கடந்து மறுநாள் வரும் மட்டும், உடன் செல்வார். இதனாலேயே இம்முறையைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே கையாள வேண்டும்.

சொன்னது எழுதப்படுகிறது. அடுத்த அமர்வின் தொடக்கத்தில் அது வாசித்துக் காட்டப்படுகிறது. தவறைத் திருத்தலாம், விட்டதைச் சேர்க்கலாம். முடிவில் முழுக் கதையும் ஓர் ஆவணமாகச் சொன்னவர் கையில் கொடுக்கப்படுகிறது. இதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. தன்னைப் பற்றிய கடதாசிகள் எல்லாம் பிறர் எழுதியவையாக இருக்கும் ஒருவருக்கு, தன் சொல்லில் எழுதிய தன் வாழ்க்கை கிடைக்கிறது.

உகண்டாவில் தங்கியிருந்த 43 சூடான் அகதிகளிடம் இம்முறை பரிசோதிக்கப்பட்டு 2004இல் முடிவு வெளியானது. ஓர் ஆண்டின் பின், கதையுரைத்தவர்களுள் நூற்றுக்கு 29 பேரிடமே அந்நோய் எஞ்சியிருந்தது. சாதாரண ஆலோசனையோ அறிவுரையோ மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பேரிடம் அது நீடித்தது.

வடகிழக்கில் கண்ட பலன்

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. மூன்று கிழமைகளின் பின், வடகிழக்கில் புதிதாக அமைக்கப்பட்டிருந்த முகாம்களில் 8 முதல் 14 வயதுவரையான 31 பிள்ளைகள் தெரிவுசெய்யப்பட்டனர். அவர்கள் போரையும் கண்டவர்கள், அலையையும் கண்டவர்கள். ஒரு பகுதியினர் ஆறு அமர்வுகளில் தம் வாழ்க்கைக் கதையைச் சொன்னார்கள். மறு பகுதியினர் ஆறு அமர்வுகளில் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் செய்தார்கள். நடத்தியவர்கள் அங்கேயே பயிற்சி பெற்றிருந்த உள்ளூர் உளவளத்துணையாளர்கள். பிள்ளைகளின் மொழியையே பேசுபவர்கள்.

ஆறு மாதங்களின் பின் கதை சொன்ன பிள்ளைகளுள் நூற்றுக்கு 81 வீதமானோரும், தியானம் செய்தவர்களுள் நூற்றுக்கு 71 வீதமானோரும் தேறியிருந்தனர். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதாகக் கொள்ள முடியாது என்று 2009இல் வெளியான ஆய்வு நேர்மையாகவே கூறுகிறது. எனவே, கதை சொல்வது ஒன்றே வழி என்று எவரும் சாதிக்க வேண்டியதில்லை. சொல்ல விரும்பாத பிள்ளைக்கு அமைதியாக மூச்சைக் கவனிக்கும் வழியும் உண்டு.

இதற்கு முன்பே மட்டக்களப்பில் இன்னொரு முயற்சி தொடங்கியிருந்தது. 1996இல் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் மற்றோரும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை அமைத்தனர். போரில் துன்புற்ற தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் கூடி களிமண் பிசைந்தார்கள், ஓவியம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், நாடகம் நடித்தார்கள். 'உனக்கு என்ன நடந்தது?' என்று அங்கே பிள்ளையை யாரும் விசாரணை செய்யவில்லை. தனக்கு நடந்ததை ஒரு மிருகத்துக்கோ அரசகுமாரிக்கோ நடந்ததாகப் பிள்ளை சொல்லலாம். நேராகச் சொல்ல முடியாததைச் சுற்றிச் சொல்வதும் சொல்வதே.

கரையில் நின்று ஆற்றைப் பார்த்தல்

எல்லோரும் நேராகக் கல்லிடம் போக முடியாது. பெருக்கெடுத்த ஆற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் காலூன்றி நிற்க ஒரு கரை வேண்டும். இந்த எண்ணத்தில் பிறந்தது 'வாழ்க்கை மரம்' என்னும் முறை. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் சிம்பாப்வே நாட்டு உளவியலாளர் இன்காசெலோ இன்கூபே, அவுஸ்திரேலியாவின் டேவிட் டென்பரோவுடன் சேர்ந்து இதை உருவாக்கினார். எயிட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த தென்னாபிரிக்கப் பிரதேசப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இம்முறை பின்பு பல நாடுகளுக்கும் பரவியது.

ஒரு மரத்தை வரைய வேண்டும். வேர்: எங்கிருந்து வந்தோம், எந்த ஊர், யார் எம்மை வளர்த்தார்கள். நிலம்: இன்று எங்கே எப்படி வாழ்கிறோம். தண்டு: எமக்குத் தெரிந்த வேலைகள், எமது திறமைகள். கிளை: எமது எதிர்பார்ப்புகள். இலை: எமக்கு முக்கியமான மனிதர்கள், இருப்பவரும் இறந்தவரும். கனி: பிறர் எமக்குத் தந்த நன்மைகள். எல்லோருடைய மரங்களையும் சுவரில் சேர்த்து ஒட்டினால் அது ஒரு காடு. அதன் பின்னரே புயலைப் பற்றிப் பேச்சு எழும். புயல் வரும்போது மரம் என்ன செய்கிறது? காட்டில் உள்ள மரங்கள் ஒன்றை ஒன்று எப்படித் தாங்குகின்றன?

கமக்காரக் குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கராம்பும் சாதிக்காயும் நட்டவருக்கு வேர் பற்றிச் சொல்லித்தர வேறொருவர் தேவையா? தண்டு என்ற பகுதியில் அவர் எழுதக்கூடியதைப் பாருங்கள்: மிளகுக் கொடி படரவிடத் தெரியும், பலாவின் மூப்பைத் தட்டிப் பார்த்து அறியத் தெரியும், வானம் பார்த்து விதைக்கத் தெரியும். காணி போனாலும் இவை போகவில்லை. எந்தப் படிவமும் கேட்காத சொத்து இது.

எமது நாட்டில் 2012, 2013ஆம் ஆண்டுகளில் வடக்கிலும் தெற்கிலும் வாழும் 285 தாய்மாரின் கதைகள் திரட்டப்பட்டபோதும் கடிதம், நினைவு வரைபடம் ஆகியவற்றோடு வாழ்க்கை மரமும் பயன்பட்டது. அது சிகிச்சைக்காக அன்று, வரலாற்றுக்காகச் செய்த முயற்சி. ஆயினும் போரின் கதையைத் தளபதிகள் மட்டும் சொல்ல வேண்டியதில்லை, தாயும் சொல்லலாம் என்பதை அது காட்டியது.

எமது வழக்கங்களில் இருந்த மருந்து

இவை எல்லாம் வெளிநாட்டார் கண்டுபிடித்த புதுமைகள் என்று மலைக்க வேண்டாம். ஒப்பாரியில் இறந்தவருடைய வாழ்க்கை முழுவதும் வருகிறது: பிறந்தது, வளர்ந்தது, ஆக்கிப் போட்டது, அணைத்துக்கொண்டது. எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள், முஸ்லிம் மக்களின் நாற்பதாம் நாள் கத்தம், சிங்கள மக்களின் ஏழாம் நாள் தானம் யாவும் உறவும் அயலும் கூடி இறந்தவர் கதையைச் சொல்லும் வேளைகளே. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி மனிதரோடு நிற்பதில்லை, ஊரும் உறவும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று தம் ஆய்வுகளில் வலியுறுத்தி வந்துள்ளார். உடல் கிடைக்காத இறப்பும், ஊர் கலைந்த இடப்பெயர்வும் இந்தச் சடங்குகளைப் பறித்துவிட்டன. கேட்கும் காதுகள் சிதறிப்போயின. புதிய முறைகள் அந்தக் காதுகளுக்குப் பதிலாக வந்தவையே.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, கதையை வற்புறுத்திக் கேட்கக்கூடாது. ஆபத்து நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் இருத்தி, ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் வழக்கம் ஒருகாலத்தில் பரவியிருந்தது. அதனால் பின்வரும் மனநோய் தடுக்கப்படுவதில்லை என்றும், சிலருக்குத் தீங்கும் ஏற்படலாம் என்றும் ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார அமைப்பும் அதைச் செய்ய வேண்டாம் என்கிறது. முதல் நாட்களில் வேண்டியது உணவு, உறைவிடம், உறவினர் செய்தி, அருகில் அமர ஒருவர். பேச வந்தால் கேட்போம். பேசாதிருந்தால் பேசாமலே உடனிருப்போம்.

இரண்டாவது, கதை சொன்னவருக்கே சொந்தம். உதவி பெறுவதற்காக எவரும் தம் துன்பத்தைப் படம் பிடிக்கவோ அச்சிடவோ இடம்கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதியதை யார் வைத்திருப்பார், யார் வாசிப்பார் என்று முன்கூட்டியே கேளுங்கள். எமது நாட்டில் சில கதைகள் எழுத்தில் இருப்பதே ஆபத்தாக அமையலாம். அப்படியானவற்றைச் சொல்லிவிட்டுத் தாளைக் கிழித்துவிடவும் உரிமை உண்டு.

மூன்றாவது, கதை காணிக்கு ஈடாகாது. உறுதி இல்லாத நிலமும், நனையும் கூரையும், வராத நட்டஈடும் இருக்கும்போது 'மனதை ஆற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்வது நீதி ஆகாது. உளவளத்துணை உரிமைக் கோரிக்கையை மழுங்கடிக்கும் தாலாட்டாக மாறக்கூடாது. உண்மையில் தன் கதையை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர், பிரதேச செயலகத்திலும் தலை நிமிர்ந்து பேசுகிறார். தாம் வேண்டுவது இரக்கம் அன்று, தம் உழைப்பின் பங்கு என்பதை அவர் அறிவார்.

நாம் என்ன செய்யலாம்?

கல்லிருக்கும் இடத்தைத் தொடுவது பயிற்சி பெற்றவரின் வேலை என்றோம். பூ இருக்கும் இடத்தைத் தொட எவருக்கும் தடையில்லை. மாதர் சங்கத்திலோ கமக்காரர் சங்கத்திலோ ஒரு மாலை வேளையில் வாழ்க்கை மரத்தை வரையலாம். எழுதத் தெரியாதவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதலாம். இழந்த ஊரின் படத்தை நிலத்தில் கோடு கீறிக் காட்டலாம்: இங்கே கிணறு, இங்கே களம், இங்கே பலா. ஆண்டு நினைவில்லையென்றால் போகத்தைக் கணக்கிடுங்கள். பிள்ளைகள் முகாமில் பிறந்தவர்களானால், தம் தாத்தா ஒருகாலத்தில் பிறருக்கு நெல் அளந்து கொடுத்தவர் என்பதை அவர்கள் அறியட்டும்.

கேட்பவருக்கும் சில கடமைகள் உண்டு. இடைமறிக்காதீர்கள். 'எங்களுக்கு இதைவிட மோசம்' என்று ஒப்பிடாதீர்கள். 'எல்லாம் விதி' என்று அவசரமாக மூடிவிடாதீர்கள். கேட்டதை வெளியில் கொண்டு போகாதீர்கள். இந்த நான்கையும் காக்க இயலாதவர் கேட்க அமராதிருப்பதே நல்லது.

ஒரு மாதத்துக்கு மேலும் உறக்கமின்மை, கெட்ட கனவு, திடுக்கிடுதல், எவரோடும் சேராதிருத்தல், மது கூடிப்போதல் ஆகியன தொடர்ந்தால் அதை நோயாகக் கருதி வைத்தியரை நாடுங்கள். கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. சாக வேண்டும் என்ற எண்ணம் எவருக்காவது வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் தொலைபேசியில் பேசலாம்.

அடுத்த முறை யாரேனும் படிவத்தோடு உங்கள் வாசலுக்கு வந்தால், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். அது உங்கள் உரிமைக்காக. ஆனால் அந்தப் படிவம்தான் உங்கள் வாழ்க்கை என்று எண்ணிவிடாதீர்கள். அதில் எழுத இடமில்லாத முதல் அறுவடையையும், நட்ட மரங்களையும், வளர்த்த பிள்ளைகளையும் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லத் தொடங்குங்கள். இன்றிரவு விளக்கடியில் ஒன்றைச் சொன்னாலும் போதும்.